பட்டாளத்துத் தாத்தாவின் கோப்பு எங்கே?

எங்கள் ஆலங்குளம் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று ஒன்றிரண்டு வீடுகளைக் காட்டுவார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த வருஷங்களில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் போனவர்கள் உண்டு. அந்த வீடுகளில் போய்க் கேட்டுப் பாருங்கள். "தாத்தா பர்மா சண்டைக்குப் போனாராம்" என்பார்கள். எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம், என்ன வேலை என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் இருக்காது. பேரன்மார்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தேடினாலும் கிடைக்காதபடி நாமே செய்துவைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிற உறவுக்காரப் பையன் ஒருவன் சொல்லித்தான் அந்த ஊர் நடைமுறை எனக்குத் தெரிந்தது. முதல் உலகப் போரின்போது அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 50 லட்சத்துக்கும் கீழே. அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படையில் சேர்ந்தார்கள். சுமார் 60,000 பேர் திரும்பவில்லை. அந்தப் படையில் சேர்ந்தவர்களின் கோப்புகள், ஏறக்குறைய 3,76,000, அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து கணினியில் போட்டுவிட்டார்கள். காசு கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

பையன் எனக்கு ஒரு கோப்பை அனுப்பியிருந்தான். சேர்ந்த அன்று அந்த ஆளின் உயரம், எடை, மார்பளவு, கண்ணின் நிறம், பார்த்த தொழில், நெருங்கிய உறவினர் பெயர், எந்தக் கப்பலில் போனான், எப்போது காய்ச்சலில் படுத்தான், சொல்லாமல் ஊர் சுற்றப் போனதற்கு எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. மகனைப் பற்றி விசாரித்துத் தாய் எழுதிய கடிதத்தைக்கூடத் தூக்கிப் போடாமல் அதிலேயே கோத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குடும்பம் யாரென்றே தெரியாது. ஆனாலும் படித்து முடித்தபோது தெரிந்தவர் வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

இப்போது நம் கதைக்கு வருவோம். அதே போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். இறந்தவர்கள் 74,000-க்கும் மேல். 1915-இல் காலிப்போலி மலையில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்குத் தண்ணீரும் தோட்டாவும் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தியக் கோவேறு கழுதைப் படை. ஒரே மலை, ஒரே குண்டுமாரி. ஏறிப் போனவனுக்குக் கோப்பு இருக்கிறது. அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனவனுக்கு அப்படி ஒன்று நம் கையில் இல்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் வெள்ளைக்காரன் பதித்துவிட்டுப் போன கல்வெட்டுகள் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எழுதியிருக்கும். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. ஆஸ்திரேலியாவில் சின்னஞ்சிறு ஊரிலும் நடுவில் ஒரு தூண் நிறுத்தி ஆட்களின் பெயர்களையே செதுக்கியிருக்கிறார்கள். ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கூத்துதான் நடந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கை. இதைக் கட்டிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் சமமாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

சரி, அது வெள்ளைக்காரன் செய்தது. நாம் என்ன செய்தோம்?

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் பலம் 25 லட்சத்தை எட்டியது. போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் பெறுகிற அளவுக்குச் சர்வீஸ் இல்லாதவர்கள் அவர்கள். நம் ராணுவ விதிப்படி, ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறிய சிப்பாயின் ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். அதன் பிறகு அழித்துவிடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1946-இல் வீடு திரும்பியவனின் கோப்புக்கு 1971-உடன் ஆயுள் முடிந்தது. ஆளுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது.

லண்டனிலும் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் அறுபது சதவீதம் போய்விட்டது. ஆனால் அது 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானம் குண்டு போட்டு எரிந்தது. மிஞ்சிய கருகிய காகிதங்களைக்கூட எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே குண்டு போட்டு அழிந்தது, இங்கே விதிப்படி அழிகிறது.

இது வெறும் பழம்பெருமைச் சமாச்சாரம் இல்லை. ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் நிதியுதவி கொடுக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக வாங்க வேண்டும். அதற்குச் சர்வீஸ் செய்த அத்தாட்சி வேண்டும். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைக் கரையான் தின்றுவிட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு அம்மாளின் மகன் எழுதிக் கேட்டதற்கு, ஆவணம் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த அம்மாள் அந்தக் கடிதத்தையும் மடித்துப் பெட்டியில்தான் வைத்தார். புருஷன் பட்டாளத்தில் இருந்ததற்கு அரசாங்கம் கொடுத்த கடைசிக் காகிதம் அது.

கோடிக்கணக்கான காகிதத்தை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். நம் ஊரில் ஒரு செண்ட் நிலத்தின் சர்வே எண்ணைச் சொன்னால் வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மெண்ட் பதிவேடு வரை நூல் பிடித்துப் போகலாம். மண்ணுக்கு இடம் இருக்கிறது, அதில் பிறந்த மனுஷனுக்கு இல்லையா? 2021-இல் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளுக்கும் போர் நாட்குறிப்புகளுக்கும் ஒரு கொள்கை அறிவித்தது. பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியம் நீக்கித் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் படைப்பிரிவின் நாட்குறிப்பில் சிப்பாயின் ஊரும் அப்பன் பெயரும் இருக்காது. அதே 25 ஆண்டு முடிகிறபோது தனி மனிதனின் கோப்பையும் அழிக்காமல் காப்பகத்துக்கு அனுப்பினால் என்ன? 1962, 1965, 1971 போர்களில் நின்று, ஓய்வூதியம் இல்லாமல் திரும்பியவர்களின் காகிதத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையாவது காப்பாற்ற வேண்டும்.

லாகூர் அருங்காட்சியகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பஞ்சாப் பதிவேடுகளை எடுத்து, முதல் உலகப் போருக்குப் போன 3,20,000 பேரின் விவரங்களைப் பிரிட்டனில் உள்ள பஞ்சாபியர் அமைப்பு ஒன்று 2021-இலிருந்து கணினியில் ஏற்றி வருகிறது. கிராமம் வாரியாகத் தேடலாம். மதராஸ் மாகாணத்துக்கு இப்படி ஒரு முயற்சியை நான் இதுவரை பார்க்கவில்லை.

தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் இருக்கலாம். பர்மாவில் தாவ்க்கியான் என்ற இடத்திலுள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். உயிரோடு திரும்பியவர் அதில் வர மாட்டார். விருதுநகர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, நம் மாவட்டம் பிறந்ததே 1985-இல்தான். ராமநாதபுரம் என்று தேட வேண்டும், அதையும் வெள்ளைக்காரன் 'ராம்நாட்' என்றே எழுதியிருப்பான். 1910-க்கு முந்திய காகிதமாக இருந்தால் திருநெல்வேலி. விருதுநகர் டவுனே 1923 வரை விருதுபட்டி. நம் ஊர்ப் பெயருக்கு இன்னொரு தொல்லை, தென்காசிப் பக்கத்து ஆலங்குளம். தபால்காரருக்கே இன்றைக்கும் குழப்பம் வருகிறது, அந்தக் காலத்து ராணுவ கிளார்க் என்ன செய்திருப்பார்? முத்துச்சாமி என்ற பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

அதற்கு முன்னால் வீட்டுப் பரணைப் பாருங்கள். முதல் உலகப் போர் வெள்ளிப் பதக்கமாக இருந்தால் அதன் விளிம்பைச் சுற்றிச் சிப்பாயின் நம்பர், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பதக்கங்கள் நகைக் கடையில் உருகிப் போய்விட்டன. காகிதத்தின் கதி இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் பழைய பேப்பருக்கு எப்போதும் கிராக்கி, வெடிக்குச் சுற்ற ஆகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது டிரங்குப் பெட்டியை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் கவிழ்த்துவிடாமல், அடியில் கிடக்கிற பழுப்புக் காகிதத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்து, செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.