வானத்துக் கல்லும் வயற் பாசியும்

2012 டிசம்பர் 29ஆம் நாள் பொலன்னறுவை மாவட்டத்து அரலகன்வில பகுதியில் வானிலே ஒரு நெருப்புக் கோளம் தோன்றிற்று. வயல்களிற் கற்கள் வீழ்ந்தன என்றனர் ஊரார். பொறுக்கப்பட்ட கற்கள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தன. அங்கிருந்து பிரித்தானியாவின் கார்டிப் நகருக்குச் சென்றன. சில வாரங்களுக்குள், 2013 ஜனவரியிலேயே, சந்திர விக்கிரமசிங்கவும் அவர்தம் குழுவினரும் முடிவை அறிவித்துவிட்டார்கள். கல்லினுள்ளே டயற்றம் என்னும் நுண்பாசிகளின் உயிர்ச்சுவடுகள் உள்ளனவாம். ஆதலால் உயிர் வானிலிருந்து வந்ததாம்! அறிவிப்பு வெளிவந்த ஏடோ தன் தரம் பற்றிப் பல விஞ்ஞானிகளின் கண்டனத்துக்கு ஏற்கனவே ஆளாகியிருந்த ஒன்று. நமது பத்திரிகைகளுக்கு அதுவெல்லாம் பொருட்டாகுமா? இலங்கை மண்ணிலே, இலங்கையர் ஒருவர், உயிரின் பிறப்பையே கண்டுவிட்டார் என்று கொட்டை எழுத்தில் முழங்கின. இன்றும் சில வகுப்பறைகளில் இதனை முடிந்த உண்மையாகச் சொல்லக் கேட்கிறேன். ஆசிரிய நண்பர்களிடம் வழக்காட வேண்டியது இதனாலேயே.

அவர்களது அறிக்கையின்படியே, நெல்வயல்களிற் பொறுக்கப்பட்ட துண்டுகள் 628. அவற்றுள் விண்கல்லாக இருக்கலாம் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை மூன்று. நெல்வயலின் தேங்கிய நீரில் நிறைந்து வாழும் உயிரினம் எது? டயற்றம். படங்களைக் கண்ட டயற்ற நிபுணர்கள், இவை இன்றும் நன்னீரில் வாழும் சாதாரண இனங்களே என்றனர். அக்கற்கள் விண்கற்கள்தாமா என்பதே ஐயத்திற்குரியது. மின்னல் தாக்கி உருகிய மண்ணாக இருக்கலாம் என்றோரும் உளர். வயலிற் கிடந்த கல்லில் வயற் பாசி இருந்தது. இதற்கு வால்வெள்ளி எதற்கு?

கொலன்னாவையில் வாழும் எமக்கு இது விளங்காத சங்கதியன்று. ஒரு புறம் பெற்றோலியத் தாங்கிகள். மறு புறம் 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட மீதொட்டமுல்லைக் குப்பைமலை. எமது ஒழுங்கையில் ஒரு துப்புரவான கல்லை ஒரு மழைக்காலம் போட்டு வைத்தாற் போதும்; அதிலே சேதனப் பொருளுக்குப் பஞ்சமிராது. (வானத்துக் கல்லுக்குக் கிடைத்த தலைப்பெழுத்தில் பாதி அந்த மலையின் கழிவுநீருக்குக் காலத்தோடு கிடைத்திருக்கலாகாதா?) ஆகவே சேதன மூலக்கூறு இருக்கிறதா என்பதன்று முதற் கேள்வி. அது எங்கிருந்து வந்தது என்பதே.

அக்கேள்வியை முறையாகக் கேட்டவரும் ஓர் இலங்கையரே. காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும, 1969 செப்டெம்பர் 28இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லைத் தம் சகாக்களுடன் ஆராய்ந்தார். அமினோ அமிலங்கள் அகப்பட்டன. ஆனால் மனித விரல் பட்டாலே அமினோ அமிலம் ஒட்டிக்கொள்ளுமே! அவர்கள் மேலும் சோதித்தார்கள். பூமியின் உயிர்கள் தம் புரதங்களை இடக்கை வடிவ அமிலங்களாற் கட்டுகின்றன. மேர்ச்சிசனிலோ இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாய் இருந்தன. புரதங்களிற் காணப்படாத அமிலங்களும் இருந்தன. விரலழுக்கு இப்படி அமையாது. 1970இல் முடிவை வெளியிட்டபோது அவர்கள் சொன்னது, உயிரின் துணையின்றியே இம்மூலக்கூறுகள் விண்ணில் உருவாகலாம் என்பது. செங்கற் குவியலைக் கண்டார்கள். வீட்டைக் கண்டோமென்று பறையடிக்கவில்லை.

அவசரக்காரருக்கு முன்னரே ஒரு பாடம் இருந்தது. 1864இல் பிரான்சின் ஓர்கேயில் வீழ்ந்த விண்கல்லில் உயிரின் தடயம் உண்டென 1961இல் ஆரவாரம் எழுந்தது. 1964இலோ, மொந்தோபான் அரும்பொருட்சாலையில் மூடிய சாடியிற் கிடந்த அக்கல்லின் ஒரு துண்டில், யாரோ ஒரு குறும்பர் செடி விதையையும் நிலக்கரியையும் பசையால் ஒட்டி வைத்திருந்தது அம்பலமாயிற்று.

உண்மையான தடயம் எப்படி இருக்கும்? தென்னாபிரிக்காவின் பார்பர்ட்டன் மலைப்பகுதியில் 333 கோடி ஆண்டு பழமையான அடையற் பாறை உள்ளது. 2019இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இலத்திரன் பரகாந்தப் பரிவு முறையால் அதனைச் சோதித்தனர். ஒரு மென்படையில் மட்டும், காபன் மிகுந்த விண்கற்களின் கரையாச் சேதனப் பொருளுக்குரிய சைகை கிடைத்தது. அதே பாறையில் நிக்கல், குரோமியம், இரும்பு சேர்ந்த நுண்மணிகளும் இருந்தன. விண்பொருள் வளிமண்டலத்தில் எரியும்போது தோன்றுபவை அவை. இரு சாட்சிகள் ஒன்றையொன்று தாங்கின. அப்போதும் உயிர் வந்ததென எவரும் கூறவில்லை; வானத்துச் சேதனப் பொருள் அன்றைய கடலடியிற் படிந்தது என்றே கூறினர்.

இலங்கையின் நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. அவ்வெப்பத்தில் இத்தகைய மென்மையான தடயம் பிழைத்திருக்குமென எதிர்பார்க்க இயலாது. தேடுவோர் பார்பர்ட்டனுக்கோ மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராவுக்கோதான் செல்ல வேண்டும். உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் எமது பிள்ளைக்கு அதற்கான மூளை உண்டு. நல்லதொரு ஆய்வுகூடமும் வழிச்செலவும்தான் இல்லை. பொலன்னறுவைக் கல்லுக்கு முதற்பக்கம் ஒதுக்கிய பத்திரிகைகள் இதற்கு எந்தப் பக்கத்தை ஒதுக்கின?