ஹார்ட் டிஸ்க் ஏன் அதற்குள் நிரம்பியது? வீட்டு சர்வருக்கு ஒரு ஃபோல்டர் ஒழுங்கு!

பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினால் வீட்டு சர்வர் ரெடி. பாட்காஸ்ட்டில் புதிய எபிசோடு வந்தால் அதுவே இறக்கி வைத்துக்கொள்ளும். அம்மா போனில் எடுத்த போட்டோக்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேரும். ஹால் டி.வி-யில் ஜெல்லிஃபின் ஆப்பைத் திறந்தால், எல்லாம் போஸ்டரோடு வரிசைகட்டி நிற்கும்.

முதல் மாதம் இப்படித்தான் ஜோராகப் போகும். சில மாதங்களில், 'இடம் இல்லை' என்று எச்சரிக்கை வரும். உடனே பெரிய டிஸ்க் வாங்கக் கிளம்ப வேண்டாம். பல வீடுகளில் பிரச்னை டிஸ்க்கில் இல்லை, ஃபோல்டர்களை அமைத்த விதத்தில்தான் இருக்கிறது.

ஒரே படம், இரட்டை இடம்

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலிருந்து பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) படத்தை டோரன்ட்டில் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். அது 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் வந்து உட்காரும். அதன் பெயரையோ இடத்தையோ நாமாக மாற்றினால், டோரன்ட் செயலியால் அதை மற்றவர்களுக்குத் தொடர்ந்து பகிர முடியாது. ஆனால் ஜெல்லிஃபினுக்கோ சுத்தமான பெயர் வேண்டும். அதனால், வரிசைப்படுத்தும் மென்பொருள் இன்னொரு பிரதி எடுத்து 'படங்கள்' ஃபோல்டரில் போட்டுவிடும். 4 ஜிபி படம் இப்போது 8 ஜிபி!

இதற்குத் தீர்வு, 'ஹார்டு லிங்க்'. வீட்டில் 'கண்ணன்', பள்ளிக்கூடத்தில் 'கோபாலகிருஷ்ணன்' என்று ஒரே பையனுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதுபோலத்தான் இதுவும். ஃபைல் ஒன்று, பெயர் இரண்டு. இடமும் ஒரு மடங்குதான் பிடிக்கும். ஒரு பெயரை அழித்தாலும் மற்றொரு பெயரில் படம் பத்திரமாக இருக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு ஃபோல்டர்களும் ஒரே பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். டாக்கர் பயன்படுத்துபவர்கள் சறுக்குவது இங்கேதான். 'டவுன்லோட்ஸ்', 'படங்கள்' இரண்டையும் தனித்தனி பாதைகளாகக் கொடுத்தால், மென்பொருள் அவற்றை இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளாக நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பிரதி எடுக்கத் தொடங்கிவிடும். 'டேட்டா' என்று ஒரே தாய் ஃபோல்டர் வைத்து, இரண்டையும் அதற்குள் போட்டு, தாய் ஃபோல்டரை மட்டும் பாதையாகக் கொடுத்தால் போதும். டிஸ்க் 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் ஹார்டு லிங்க் வேலை செய்யாது. லினக்ஸ் சர்வருக்கு 'ஈஎக்ஸ்டி4' நல்லது.

எந்த பில்லா?

வெறும் 'பில்லா' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால், அது ரஜினியா, அஜித்தா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? 'பில்லா (1980)', 'பில்லா (2007)' என்று அடைப்புக்குறிக்குள் வருடம் போட்டால் குழப்பம் தீர்ந்தது. பாட்காஸ்ட் எபிசோடுகளுக்கு '2025-01-14' என்பதுபோல் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயரைத் தொடங்கினால், அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். ஈஎக்ஸ்டி4-ல் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்களைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட். தமிழில் 'க'வுக்கு 3, 'கோ'வுக்கு 6. 'கோபாலகிருஷ்ணன்' என்ற பெயருக்கு மட்டும் 42 பைட்கள் செலவாகும். நீளமான தமிழ்த் தலைப்புள்ள எபிசோடுகள் சில நேரம் இறங்காமல் முரண்டு பிடிக்க இதுவும் காரணம். தலைப்பைச் சுருக்கும்படி செட்டிங்ஸில் சொல்லிவிடுங்கள்.

கைவைக்கக் கூடாத ஃபோல்டர்

இறக்கிய படம் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். தாத்தா பேசிய வீடியோ போனால் போனதுதான். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 'பழையதைத் தானாக அழி' என்று கட்டளையும் கொடுத்து வைப்பது ஆபத்து.

குடும்பத்து போட்டோ, வீடியோக்களுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள். ஜெல்லிஃபினுக்கு அதைப் பார்க்கும் அனுமதி மட்டும் போதும். டவுன்லோட் செயலிகளுக்கு அந்தப் பக்கம் எந்த அனுமதியும் வேண்டாம். சிங்க்திங் போன்ற ஒத்திசைவு செயலிகளில், போனில் அழித்தால் சர்வரிலும் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். சர்வர் பக்கம் 'ஃபைல் வெர்ஷனிங்' வசதியை ஆன் செய்தால், அழிந்தவை தனியே ஒதுக்கி வைக்கப்படும்.

ஹார்டு லிங்க்கை பேக்கப் என்று நம்பிவிடவும் கூடாது. டிஸ்க் செத்தால் இரண்டு பெயர்களும் சேர்ந்தே போகும். '3-2-1' என்பதுதான் இதற்கான எளிய கணக்கு. மொத்தம் 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஊரில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைத்தாலும் சரிதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை வாங்கிவந்து புதியவற்றைச் சேருங்கள். அப்படியே பழைய வீடியோ ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தம்.