பஸ் ஜன்னலைச் சாத்துறதுக்கு முன்னாடி

சிதம்பரத்துல இருந்து கடலூருக்கு பஸ்ல போயிருப்பீங்க. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டினதும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, தூங்கிக்கிட்டிருக்கிறவங்ககூட எழுந்து ஜன்னலைச் சாத்துவாங்க. சிப்காட் வந்துடுச்சுன்னு மூக்குக்குத் தெரியும். ஒரு நாள் அழுகின முட்டை, ஒரு நாள் அழுகின முட்டைகோஸ், சில நாள் நெயில் பாலிஷ். ஓ.டி. நெருங்கினதும் மறுபடி திறப்பாங்க. மொத்தமே பத்து நிமிஷம் இருக்கும். மூணு வருஷமா நானும் அந்தப் பத்து நிமிஷத்தை அப்படித்தான் கடந்திருக்கேன். சாத்துறதுக்கு ஜன்னலே இல்லாம குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் ஜனங்க இருக்காங்கன்னு யோசிச்சது ரொம்ப லேட்டு.

அந்த வாசனையைப் பத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். ரசாயனத்தால மண் கெட்டுப்போன மத்த ஊர்களைத் தேடிக்கிட்டே போனப்ப, கரீபியன் கடல்ல ஒரு தீவுல போய் நின்னேன். அங்கே ஒரு பேர் என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு: ஹென்றி சிதம்பரம்.

எழுத்துப்பிழை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் முறையில் 'சிதாம்பரோம்' என்பது மாதிரி வரும். 1863-ல் குவாதலூப் தீவில், கபெஸ்தேர் பெல்-ஓ என்ற ஊரில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களுக்குப் பிறந்தவர். (சிதம்பரம்னு பேர் இருந்தா சிதம்பரத்துக்காரர்னு அர்த்தமில்லைங்கிறது எனக்கும் தெரியும். திருநெல்வேலியிலும் வைப்பாங்க, காரைக்குடியிலும் வைப்பாங்க. ஆனாலும் இந்த ஊர்ல மெஸ் சாப்பாடு சாப்பிடுறவனுக்கு அந்தப் பேரைத் தாண்டிப் போக மனசு வரல.)

கரீபியன்னா நமக்கு கெய்லும் பிராவோவும்தான். குவாதலூப் அந்த அணியில வராது. அது பிரெஞ்சுத் தீவு, அங்கே கால்பந்துதான். 1998 உலகக் கோப்பை ஜெயிச்ச பிரான்ஸ் அணியின் லிலியன் துராம் பிறந்தது இங்கேதான். தனி நாடு கிடையாது. 1946-லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம், செலவாகும் பணம் யூரோ. பரப்பு 1,628 சதுர கிலோமீட்டர், நம்ம கடலூர் மாவட்டத்துல பாதிகூட இல்லை. மக்கள் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வரைபடத்துல பார்த்தா பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு இறக்கை. மேற்கு இறக்கையின் பேர் பாஸ்-தேர், அதாவது 'தாழ்நிலம்'. அங்கேதான் 1,467 மீட்டர் உயர எரிமலை இருக்கு. கிழக்கு இறக்கை கிராந்த்-தேர், 'பெருநிலம்'. அதுதான் ரெண்டுல சின்னது. பேர் வச்சவர் நம்ம ஹாஸ்டல் பிளாக்குக்கு நம்பர் போட்டவரோட சொந்தக்காரரா இருக்கணும். ரெண்டுக்கும் நடுவே அலையாத்திக் காட்டுக்குள்ள ஒரு குறுகிய உப்புநீர்க் கால்வாய். பிச்சாவரத்துல படகு ஏறினவங்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டாம். அதன் பேர் ரிவியேர் சாலே. தமிழில் சொன்னா உப்பாறு. சிப்காட் ஓரமா ஓடுற நம்ம ஆத்துக்குப் பேர் உப்பனாறு.

நம்ம ஆட்கள் அங்கே எப்படிப் போனாங்க? 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலையானவர்கள் பழைய முதலாளிகளிடம் அதே கரும்பை வெட்ட விரும்பவில்லை. முதலாளிகளுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன, சுற்றிலும் தென்னாற்காடும் தஞ்சாவூரும். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1861-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் மாவட்டங்களில் ஆள் எடுப்பது முறைப்படியானது. 1880-களின் இறுதிக்குள் ஏறத்தாழ 42,000 இந்தியர்கள் குவாதலூப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மூணு மாசம் போல கடல். ஒப்பந்தம் அஞ்சு வருஷம், முடிஞ்சதும் திரும்பலாம் என்பது பேச்சு. பெரும்பாலோர் திரும்பவில்லை. நிறைய பேர் அங்கேயே செத்தும் போனார்கள்.

மொழி போய்விட்டது. இன்னைக்கு அவங்க பேசுறது பிரெஞ்சும் கிரியோலும். ஆனா பேர் போகல: வீரப்பின், நாகப்பின், சுப்ராயன், கோவிந்தின். செயின்ட்-பிரான்சுவா ஊருக்கு ரொம்ப வருஷம் மேயராகவும், பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்த எழுத்தாளர் பேர் எர்னெஸ்ட் முத்துசாமி. மாரியம்மன் அங்கே 'மாலியேமின்'. நாகூர் மீரானுக்குக் கொடி ஏத்துறவங்க இருக்காங்க, அதுவும் இந்துக் கோயில்லயே. பூசையில பாட்டுச் சொல்லித்தர்றவர் 'வாத்தியாலு'. நாடகம் 'நாத்ரோன்', மத்தளம் 'மாத்தலோன்'. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரங்க நாம, இதுல எது எங்கிருந்து போச்சுன்னு கேட்கவே வேண்டாம். தீவோட பெருமையான சாப்பாடு 'கொலொம்போ': மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் அரைச்ச பொடி போட்டு ஆட்டுக்கறி. நம்ம 'குழம்பு'தான் அப்படி ஆச்சுன்னு பலரும் சொல்றாங்க, கொழும்பு நகரத்தோட பேர்னு சொல்றவங்களும் உண்டு. மல்லியும் வெந்தயமும் இருக்கிற சட்டியைப் பார்த்தா என் ஓட்டு குழம்புக்குத்தான்.

ஓட்டுன்னதும் ஹென்றி சிதம்பரத்துக்கு வந்துடுவோம். குவாதலூப்பில் பிறந்து, அங்கேயே வரி கட்டி, அங்கேயே சாகப்போகிற இந்தியப் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. அப்பா அம்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஆகவே இவர்கள் அந்நியர்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். 1904-ல் வாக்காளர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. சிதம்பரம் விடவில்லை. மனு, வழக்கு, கடிதம் என்று இழுத்து, 1923-ல்தான் பாரிஸ் அரசு அவர்களைப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று ஒத்துக்கொண்டது. பத்தொன்பது வருஷம். ஒரு அரியர் பேப்பருக்கு ரீவேல்யுவேஷன் போட்டு மூணு வாரம் ஆனா நாம ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அவர் 1952-ல் காலமானார்.

கதை இங்கே முடிஞ்சிருந்தா இது பொங்கல் மலருக்குப் போக வேண்டிய கட்டுரை.

கரும்பு விழுந்தது. ஐரோப்பாவிலேயே பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை வந்த பிறகு தீவுச் சர்க்கரைக்கு மதிப்புக் குறைந்தது. அடுத்து வந்தது வாழை. பயிர் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. ஒரே பயிர், வாங்குகிறவர் கடலுக்கு அந்தப்பக்கம், சாப்பிடுவதற்கு வேண்டியது எல்லாம் கப்பலில் வர வேண்டும். இன்றைக்கும் பிரான்சில் விற்பதைவிட அங்கே உணவுப் பொருள் விலை ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். 2009-ல் இந்த விலைவாசிக்காகவே தீவு முழுக்க 44 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

வாழைக்கு ஒரு எதிரி, கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு. நம்ம பக்கத்து வாழைக்காரங்களுக்கும் தெரிஞ்ச வண்டுதான். அதைக் கொல்ல 1972-ல் குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்துக்கு அனுமதி தந்தார்கள். கெமிக்கல் நண்பர்களுக்காக: பத்து கார்பன், பத்து குளோரின், ஒரு ஆக்சிஜன், கூண்டு மாதிரி கட்டமைப்பு. நுண்ணுயிர்களால் எளிதில் உடைக்க முடியாது. மண்ணைப் பிடித்துக்கொண்டால் நூற்றாண்டுக் கணக்கில் விடாது.

இது தெரியாமல் நடந்ததா? அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஹோப்வெல்லில் இதே பொருளை 'கெப்போன்' என்ற பேரில் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் வந்து, 1975-ல் ஆலையை மூடினார்கள். பக்கத்து ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்கவே தடை போட்டார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு, 1979-லும் 1980-லும் புயல் அடித்து வண்டு பெருகியதும், 1981-ல் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இதே மருந்துக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள். 1990-ல் பிரான்சில் தடை. இந்தத் தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு, 1993 வரை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். அந்த விஷம் வாழைப்பழத்துக்குள் அனேகமாகப் போவதில்லை. வேரோடும் மண்ணோடும் தங்கிவிடும். ஆகவே பாரிஸுக்குப் போன பழம் சுத்தம். தோட்டத்து வேலையாள் வீட்டுக் கொல்லையில் நட்ட சேம்பும் சர்க்கரைவள்ளியும் மண்ணிலிருந்து அதை உறிஞ்சிக்கொண்டன. அங்கே மேய்ந்த மாட்டிலும் கிளறிய கோழியிலும் ஏறியது. மழையில் ஆற்றுக்குப் போய், கடலோர மீனுக்கும் இறாலுக்கும் போனது. இன்று அந்தத் தீவின் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் குளோர்டெகோன் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2010-ல் குவாதலூப்பில் நடந்த ஆய்வு காட்டியது. 2006-ல் கொடுத்த புகாரை, யாரையும் விசாரணைக் கூண்டில் ஏற்றாமலே, 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள்.

மண் அதிகமாகக் கெட்டிருக்கும் பகுதி எரிமலை அடிவாரத்து வாழைப் பகுதி. அதில் ஒரு ஊர், ஹென்றி சிதம்பரம் பிறந்த அதே கபெஸ்தேர் பெல்-ஓ. தீவிலேயே பெரிய இந்துக் கோயில் ரோட்டோரமா நிற்கிற ஊரும் அதுதான். 'பெல் ஓ' என்றால் அழகிய நீர்.

ஓட்டு வாங்க பத்தொன்பது வருஷம் போராடினார்கள். வாங்கின பிறகும், தங்கள் மண்ணில் எதைக் கொட்டலாம் என்று முடிவெடுத்த அறைக்குள் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அந்த அறையில் இருந்தவர்கள் யார்? அதிகாரிகள், தோட்ட முதலாளிகள். கூடவே, படித்த நம்மைப் போன்றவர்கள். யாரோ ஒரு வேதியியல்காரர் தரவைப் பார்த்தார், யாரோ ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டார்.

அதனால்தான் சொல்றேன், இதை நாம பாடமாப் படிக்கணும். காசர்கோடு முந்திரிக்காட்டு எண்டோசல்ஃபான் பத்தி நம்ம சிலபஸ்ல ஒரு வரி இருக்கா? பண்ருட்டி முந்திரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இருக்கிற நமக்கு? 'என்விரான்மென்டல் சயின்ஸ்' பேப்பர்ல ஓசோன் படலத்துக்குப் படம் வரைஞ்சுட்டு வர்றோம். உப்பனாறு ஒரு கேள்வியாக்கூட வர்றதில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வரணும். சிப்காட் இல்லேன்னா வேலை? நம்ம வகுப்புலயே அப்பா அங்க ஷிப்ட் போற பசங்க இருக்காங்க. அந்தச் சம்பளத்துலதான் ஃபீஸ் கட்டுறாங்க. நான் மூடச் சொல்லல. குவாதலூப்ல கேட்டதும் இதே பேச்சுதான்: மருந்து இல்லேன்னா வாழை இல்லை, வாழை இல்லேன்னா வேலை இல்லை. மருந்து வந்தது, வேலையும் இருந்தது, மண் போச்சு. இன்னைக்கு அந்த மண்ணுல கிழங்கு போடவே பயப்படுறாங்க.

2004-ல் சிப்காட்டைச் சுத்தின கிராமத்து ஜனங்களே காத்தைக் கண்காணிக்கக் கத்துக்கிட்டாங்க. என்ன வாசனை, எத்தனை மணிக்கு, காத்து எந்தத் திசைன்னு குறிச்சு வச்சாங்க. பிளாஸ்டிக் வாளிக்குள்ள ஒரு பை, ஒரு பம்ப், அவ்வளவுதான் கருவி. அதுல காத்தைப் பிடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பி, உள்ளே என்னென்ன ரசாயனம் இருக்குன்னு பேரோட வெளியே சொன்னாங்க. நம்ம லேப்ல கேஸ் குரோமட்டோகிராஃப் கண்ணாடி அலமாரிக்குள்ள உறை போட்டு இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குத்தான் உறையை எடுப்பாங்க.

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஆலைக்கு ஐ.வி. கூட்டிட்டுப் போனாங்க. கன்ட்ரோல் ரூம் காட்டினாங்க, சமோசா கொடுத்தாங்க, கேட் முன்னாடி குரூப் போட்டோ எடுத்தோம். கழிவுநீர் எங்க போகுதுன்னு பின்வரிசையில ஒருத்தி கேட்டா. "எல்லாம் நார்ம்ஸ்படிதாம்மா" என்றார் வழிகாட்ட வந்த சார். நாங்க எல்லாரும் தலையாட்டினோம், அவளும் நோட்டுல 'நார்ம்ஸ்படி'ன்னு எழுதிக்கிட்டா.

1981-ல் கபெஸ்தேரில் தெளித்ததும் நார்ம்ஸ்படிதான்.

இந்த செமஸ்டர்லயும் ஐ.வி. உண்டு. நான் ரெண்டு கேள்வி எழுதி வச்சிருக்கேன். அந்த நார்ம்ஸ் எந்த வருஷம் எழுதினது? ஆலைச் சுவருக்கு அந்தப்பக்கம் கீரை போட்டிருக்கிறவங்ககிட்ட யாராவது மண் சாம்பிள் எடுத்திருக்காங்களா? மூணாவது கேள்வி உங்ககிட்ட இருந்தா அனுப்புங்க, பஸ் கிளம்புறதுக்குள்ள சேர்த்துக்குவேன்.