வண்டியினுள் ஒரு கணக்கன்

இக்கால மோட்டார் வண்டியின் புகையை ஆள்பவன் சாரதியல்லன். யந்திரத்தருகே அமைந்த சிறு கம்ப்யூட்டர் என்னும் கணக்கனே யாம். பெட்ரோல் வண்டியில், புகைக்குழாயிற் பதித்த உணர்கருவி, புகையில் எஞ்சிய பிராணவாயுவை இடைவிடாது அறிவிக்கின்றது. அதற்கேற்ப அக்கணக்கன் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும், எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தைக் காக்கின்றான். இது பிறழின், குழாயிலுள்ள கிரியா ஊக்கி நச்சு வாயுக்களைச் செவ்வனே மாற்றமாட்டாது. டீஸல் வண்டியின் முறை வேறு. அதில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அடக்குதல் அரிது.

அவ்வரிய இடத்திலேதான் கணக்கனுக்குப் பொய்க்கணக்கும் கற்பிக்கப்பட்டது. 2015-ல் வெளியான வோல்க்ஸ்வாகன் செய்தியை நாம் மறத்தற்கில்லை. சக்கரம் சுழல ஸ்டீரிங் அசையாதிருத்தல் போன்ற குறிகளால் சோதனை நடைபெறுவதை அறிந்து, அப்பொழுது மட்டும் அவ்வண்டிகள் அடங்கி ஒழுகின. வீதியிலோ, அமெரிக்க வரம்பைப்போல் 40 மடங்கு வரை நச்சைக் கக்கின. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள்! மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் அளவு கருவியை வண்டியிலேயே ஏற்றி வீதியில் ஓட்டிப் பார்த்தமையாலன்றோ குட்டு வெளிப்பட்டது.

கம்ப்யூட்டரைப் பழிப்பார்க்கு நாம் உடன்படோம். கட்டளை எழுதியவர் மனிதர். நம் குறை வேறு. இந்தியாவில் புது மாதிரிகளுக்கு வீதிச் சோதனை 2023 ஏப்ரல் முதல் உண்டு. ஆயின், ஓடித் தேய்ந்த டீஸல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் தருமிடத்தில், நிற்கும் வண்டியின் புகைக் கருமையையே அளக்கின்றனர். நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பாரில்லை. பழைய வண்டிகளுட் சிலவற்றையேனும் ஆண்டுதோறும் முன்னறிவிப்பின்றி வீதியில் ஓட்டி அளத்தல் வேண்டுமென்போம். செலவு மிகுதியாம் என்பர். ஊரார் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கும் செலவை அவர் சேர்த்து எண்ணினாரில்லை.