வளர்ந்தாலும் நிற்காத சீழ்

நாள்பட்ட நடுக்காது அழற்சி என்பது செவிப்பறையில் ஓட்டை விழுந்து, அதன் வழியே வாரக்கணக்கில் சீழ் வடியும் நோய். பெரியவருக்கு வந்தால் மருத்துவரைத் தேடுவார்கள். குழந்தைக்கு வந்தால் ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். வேறொரு நோயைப் பார்த்து உண்டான நம்பிக்கை இது.

மூக்கின் பின்புறத்தை நடுக்காதோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழாய், கைக்குழந்தைக்குப் பெரியவர்களுடையதில் ஏறக்குறைய பாதி நீளம்தான்; கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் கிடக்கும். சளி பிடித்தால் கிருமி எளிதாகக் காதுக்கு ஏறிவிடும். ஏழெட்டு வயதில் குழாய் நீண்டு சாய்கிறது. அதன் வாயை அடைக்கும் அடினாய்டு சதையும் சுருங்கத் தொடங்குகிறது. அடிக்கடி வரும் காதுவலியும், செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீரும் பெரும்பாலும் அதோடு குறைந்துவிடும். பாட்டிமார் கண்டது இதைத்தான், அது பொய்யில்லை.

ஓட்டையின் விளிம்பில் தோல் மூடிவிட்ட செவிப்பறைக்கு இந்தக் கணக்கு செல்லாது. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் அங்கே வெளிக்காது வழியாகவே உள்ளே நுழைகின்றன. குழாய் எவ்வளவு நீண்டுதான் என்ன பயன்? சீழ் சில மாதம் நின்றிருக்கும். வீட்டார் குணமென்று நினைப்பார்கள். ஓட்டை அப்படியே இருக்கும். அடுத்த சளியிலோ குளத்துக் குளியலிலோ மறுபடி வடியும்.

பெரியவர்களிடம் காணும் காதுச்சீழில் கணிசமானது சிறுவயதில் கவனிக்காமல் விட்டதன் மிச்சம். அதற்குள் நடுக்காதின் சிற்றெலும்புகள் அரித்துப்போயிருக்கலாம். ஆனாலும் அந்தப் பெரியவர் பேசக் கற்றுக்கொண்டவர். பேச்சுப் பழகும் வயதில் இரு காதும் மந்தமான குழந்தைக்குச் சொல்லே தாமதமாகும். வகுப்பில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்று பெயர் வாங்கும்.

கொஞ்சமாக, ஆனால் நாற்றத்தோடு வடியும் சீழ்தான் அதிக ஆபத்தானது. வீடுகளோ நிறைய வடிந்தால்தான் பயப்படுகின்றன. நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சியான கொலஸ்டியேட்டோமா. குழந்தைகளின் காதுக்குள் இது வேகமாகப் பரவுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பெரியவர்களைவிட அதிகமாகத் திரும்புகிறது. முகவாதமும் மூளைச் சீழ்க்கட்டியும் இதன் பின்விளைவுகள்.

வீட்டு வைத்தியமாகப் பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றினால் அது ஓட்டை வழியே நேராக நடுக்காதுக்குப் போகும். காதைத் துடைத்து உலர்த்துவதும் சிப்ரோஃபிளாக்சசின் சொட்டு மருந்தும் முதல் சிகிச்சை. ஆறாத ஓட்டையைத் தசையுறை ஒட்டி மூடலாம். அதற்கேற்ற வயது குறித்து மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொலஸ்டியேட்டோமா என்றால் எந்த வயதானாலும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை.