மஞ்சள் முக்கோணத்துக்குக் கண்ணை மூடச் சொல்லாதீங்க

“அது சும்மா வோர்னிங் தம்பி, எரர் இல்லையே. விட்டுட்டு ரன் பண்ணு.”

பதுளை டவுனுக்கு கணினி வகுப்புக்குப் போன காலத்தில் எனக்குச் சொல்லப்பட்டது இது. ஒரு வருஷம் நம்பினேன். இப்போது சொல்கிறேன்: இது உதவி இல்லை, ஏமாற்று.

எக்லிப்ஸில் ஒரு மேவன் புரொஜெக்டைத் திறக்கிறோம். மஞ்சள் முக்கோணம் வருகிறது: இந்த புரொஜெக்ட் ஜாவா 5 கேட்கிறது, உன் மெஷினில் அது இல்லை. ஜாவா 5 வந்தது 2004இல். நாம் போட்டிருப்பதோ 17. எந்த ஜாவா என்று பொம்.எக்ஸ்எம்எல் ஃபைலில் நாம் எழுதவில்லை. எழுதாவிட்டால் மேவனின் பழைய கம்பைலர் பிளகின் 5 என்று எடுத்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான்.

பலர் என்ன செய்றாங்க? பில்ட் பாத்துக்குள் போய் ஜாவாவை மாற்றுறாங்க. முக்கோணம் மறையும். அடுத்த தடவை ‘அப்டேட் புரொஜெக்ட்’ அழுத்தினால் திரும்பி வந்து நிற்கும். லயத்துக் கூரை ஒழுக, சுவருக்கு வெள்ளை அடித்த கதை! பொம் ஃபைலின் புரொப்பர்ட்டீஸ் பகுதியில் மேவன்.கம்பைலர்.சோர்ஸ், மேவன்.கம்பைலர்.டார்கெட் இரண்டுக்கும் 17 என்று எழுதி, பிறகு அப்டேட் பண்ணுங்க. இரண்டே வரி.

தோட்டத்தில் இன்னொரு தொல்லை, சிக்னல். டவுன்லோட் பாதியில் அறுந்தால் மேவன் அந்தத் தோல்வியைக் குறித்து வைத்துக்கொள்ளும். சிக்னல் வந்த பிறகும் உடனே திரும்ப முயலாது. அப்டேட் பெட்டியில் ‘ஃபோர்ஸ்’ கட்டத்தில் சரி போட வேண்டும். டவுனில் வைஃபை கிடைக்கிற நாளில் ‘டிபெண்டன்சி கோ-ஆஃப்லைன்’ கட்டளையை ஓட்டினால் தேவையானவை பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த எம்2 ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு நாலு பேருக்குக் கொடுக்கலாம். இதை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தாங்க?

“இங்கிலீஷ் வராத புள்ளைங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?” என்கிறார்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண் எடுக்காத அம்மாமார் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். கிலோ குறைந்தால் ஏன் என்று கேட்கத் தெரிந்த வீட்டுக்கு, திரும்பத் திரும்ப வருகிற பத்துச் சொல்லைப் படிக்கத் தெரியாதா?

எச்சரிக்கை என்ற சொல் இந்த மாவட்டத்தில் லேசான சொல் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. “போகச் சொன்னோம், போகல” என்று பிறகு பேச்சு வந்தது. போக இடம் யார் கொடுத்தது? மண்சரிவையும் மஞ்சள் முக்கோணத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் திருத்தும் வழியைக் கையில் கொடுக்காத எச்சரிக்கை, சொன்னவரைத்தான் காப்பாற்றும், கேட்டவரைக் காப்பாற்றாது.

ஆகவே சொல்லிக் கொடுக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, “விடு” என்று சொல்லாதீங்க. “வாசி, எந்த ஃபைலில் இருந்து வருது பார்” என்று சொல்லுங்க. தம்பி தங்கைகளே, இன்றைக்கு ஒரு முக்கோணத்தையாவது அழுத்தி, கடைசி வரை வாசியுங்க.