படம் என்னுடையது, முகம் அவருடையது



இருபது ஆண்டுகளாக நான் எடுத்துவந்த ஞானஸ்நான, திருமண, அடக்க ஆராதனைப் படங்களைச் சென்ற வாரம் ஒழுங்குபடுத்த அமர்ந்தேன். இணையச் சேமிப்பகத்தில் ஏற்றினால் முகங்களை அதுவே பிரித்துத் தரும் என்றான் என் மகன். வசதிதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அழுது நிற்கும் சகோதரியின் முகத்தை ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப எனக்கு அனுமதி தந்தவர் யார்?

ஆகவே டிஜிகாம் என்னும் கட்டற்ற மென்பொருளைத் தெரிந்தெடுத்தேன். விலையில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. முகங்களை அடையாளங்காணும் வேலையும் நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. பெயர்களைப் படக்கோப்பிலேயே எழுதிவைக்கலாம். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது.

ஒரு பாரம் உண்டு. வன்தட்டு பழுதானால் மீட்டுத்தர எவருமில்லை. ஆகையால் மற்றொரு வன்தட்டில் பிரதியெடுத்து, ஆலய அலுவலகப் பீரோவில் பூட்டிவைத்திருக்கிறேன்.